துண்டுக்குள் கம்பெனியின் கை

என் பெயர் சங்கிலியம்மாள். உத்தமபாளையத்தில் வண்டிக் கம்பெனி என்று ஒன்று நடந்ததே, அதில் நானும் ஒரு பங்காளி. சிரிக்க வேண்டாம். பொம்பளை எங்கேயாவது பங்காளி ஆவாளா என்று அப்போதே ஊர் சிரித்துத் தீர்த்துவிட்டது. எங்கள் பக்கம் பங்காளி என்றால் அண்ணன் தம்பி வழி ஆம்பளைகள். வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். கம்பெனிக்காரர்களோ பங்கு வைத்திருந்த எல்லோரையும் பங்காளி என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் அதுவும் மண்வெட்டி தூக்குகிற அளவுக்குத்தான் வந்து நின்றது.

மலைமேல் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் வந்து இறங்குகிற இரும்பும் சாமான்களும் கூடலூர் வரைக்கும் மாட்டு வண்டியில்தான் வந்தாக வேண்டும். பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருந்தவனெல்லாம் அந்தப் பாதையில் ஓட்டினான். கூலிதான் கட்டவில்லை. அப்போது என் வீட்டுக்காரரின் அத்தை மகன் பிச்சைமணி ஒரு யோசனை சொன்னார்.

"ஒத்தையில ஓட்டுனா காண்டிராக்டரு சொன்ன கூலிதான். ஒண்ணாச் சேந்து கம்பெனி வச்சோம்னா நாமதான் கூலி சொல்லுவோம்."

சரியான பேச்சு. அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். காசு உள்ளவர் காசு போட்டார், வண்டி உள்ளவர் வண்டி கொடுத்தார், மாடு உள்ளவர் மாடு கொடுத்தார். அதற்கேற்பப் பங்குச் சீட்டு. நான் செவலையையும் மயிலையையும் கொடுத்தேன். கோம்பையிலிருந்து என் அப்பன் எனக்குச் சீராக ஓட்டிவிட்ட கன்றுகள், என் கையால் புண்ணாக்கு தின்று காளையானவை. சீர் மாடு என்பதால் சீட்டு என் பெயரில் வந்தது. பிச்சைமணி எல்லோரையும்விட அதிகமாகப் பங்கு வாங்கி மேனேஜர் ஆனார். என் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி கம்பெனிக்கு மாடு பிடித்துக் கொடுக்கிற தரகர் ஆனார்.

தரகு என்றால் என் வீட்டுக்காரர்தான். வீரபாண்டியிலிருந்து கம்பம் வரைக்கும் எந்தச் சந்தையிலும் அவர் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. மாட்டு விலையை எங்கள் பக்கம் வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே துண்டைப் போட்டு மூடுவார்கள், விலை விரலிலேயே நடக்கும். ஒரு விரலைப் பிடித்தால் பத்து ரூபாய், இரண்டைப் பிடித்தால் இருபது. கையை மூடிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். துண்டு விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. பேரம் முடிகிறவரை துண்டை யாரும் தூக்கக் கூடாது. துண்டைத் தூக்கிய தரகனோடு அப்புறம் ஒருத்தனும் கை கோக்கமாட்டான். திருடனைக்கூட இரண்டு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள், அவனை மன்னிக்கமாட்டார்கள்.

கம்பெனி ஓடியது. ஆனால் எப்படி ஓடியது என்று கேளுங்கள். ஆற்றங்கரையில் மாடு கட்டுகிற தொழு பிச்சைமணியின் இடத்தில் இருந்தது. அதற்குக் கம்பெனி அவருக்கு வாடகை கொடுத்தது. வைக்கோல் அவர் வயலிலிருந்து வந்தது. கயிறும் லாடமும் அவர் மச்சினன் கடையில் வாங்கினார்கள். அவருக்குப் பண முடை வந்தால் கம்பெனிப் பெட்டியிலிருந்து கைமாற்று, கம்பெனிக்கு முடை வந்தால் அவரிடம் வட்டிக்கு. அடேயப்பா, என்ன கூத்து! ஒரே ஆள் இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் கம்பெனி என்று ஒரு பெயர் மட்டும் நின்றது. வண்டிக்காரர்கள் யாராவது வாயைத் திறந்தால் அவர் கையில் பதில் தயாராக இருக்கும்.

"எனக்குத்தானப்பா பங்கு அதிகம்? கம்பெனி நட்டப்பட்டா மொத நட்டம் எனக்குத்தான? என்னையவே நான் ஏமாத்துவனா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். அந்த வருஷம் மாசி மாதம் இருதயம் வந்து வாசலில் நிற்கிறவரைக்கும்.

இருதயம் அனுமந்தன்பட்டி வேதக்கோயில்காரர் வீட்டுப் பிள்ளை. கம்பெனி வண்டி ஓட்டுகிறவன், ஒரு மாடு கொடுத்த பங்காளியும்கூட. என்னை மதினி என்பான். எப்போது வந்தாலும் நேராக அடுப்படிவரை வந்து கஞ்சி இருக்கிறதா என்று பானையைத் திறந்து பார்க்கிறவன், அன்றைக்கு உச்சி வெயிலில் தெருவிலேயே நின்றான்.

"மதினி, அண்ணன் இருக்காகளா?"

"சந்தைக்குப் போயிருக்காக. ஏன்டா அங்கனயே நிக்கிற? உள்ள வா."

"வேணாம் மதினி. சின்னமனூருக்கு அங்கிட்டு, மேகமலை அடிவாரத்துல மேனேசரு சொந்தத் தொழு இருக்குல்ல, அங்கன போயிட்டு வாரேன். இந்தக் காலோட ஒங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"என்னடா சொல்ற?"

"வெக்கை" என்றான்.

வெக்கை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், எச்சில் கயிறு மாதிரி தொங்கும், கழிச்சல் வரும், விழுந்துவிடும். ஒரு மாடு வாய் வைத்த தொட்டியில் இன்னொன்று வாய் வைத்தால் போதும். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது கோம்பையில் எங்கள் தெரு முழுக்கத் தொழு காலியானது. என் அப்பன் வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவிழ்ப்பதற்கு மாடில்லாமல் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு மறக்கவே மறக்காது.

"ரெண்டு மாட்ட ஓடையில இழுத்துப் போட்டு, மேல சுண்ணாம்பக் கொட்டி மூடியிருக்காக. சாக்கைப் பாத்தேன், நம்ம கம்பெனிச் சாக்குதான்" என்றான் இருதயம்.

"செத்த மாட்டுக்கும் கம்பெனிச் செலவா! நல்லா இருக்கு நாயம்."

"அது கெடக்கட்டும் மதினி. மிச்சம் நிக்கிற மாட்டையெல்லாம் வெள்ளிக்கெழம கம்பெனிக்கு விக்கப் போறாராம். அம்புட்டும் நம்ம மாட்டோட நம்ம தொழுவுல வந்து நிக்கப் போகுது."

அவன் போனதும் நான் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஓட்டமும் நடையுமாகக் கம்பெனித் தொழுவுக்குப் போனேன். செவலை என் குரல் கேட்டதும் திரும்பியது. மயிலை என் முந்தானையைக் கடித்து இழுத்தது. இரண்டின் கண்ணையும் இமையை விலக்கிப் பார்த்தேன், வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆத்தா காப்பாற்றினாள் என்று கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"அவிழ்க்காதீங்கம்மா" என்று குரல் வந்தது. சுந்தர்ராஜ். மதுரையிலிருந்து வந்த கம்பெனிக் குமாஸ்தா. நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் சொல்வார்.

"ஏன்யா? என் மாட்ட நான் ஓட்டிட்டுப் போறேன்."

"உங்க மாடு இல்லையேம்மா. கம்பெனி மாடு. நீங்க கொடுத்துட்டீங்க. அதுக்குப் பதிலாத்தான் பங்குச் சீட்டு வாங்கியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் மாட்டை வாரத்துக்கு விடுவார்கள். வளர்க்கிறவன் தீனி போட்டு வேலை வாங்கிக்கொள்வான், வருவதில் பங்கு கொடுப்பான். எப்போது கேட்டாலும் மாடு கொடுத்தவருடையதுதான். பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் நான் அப்படித்தான் நினைத்துவிட்டேன். நான் மட்டுமா? இருதயமும் அப்படித்தான் நினைத்தான், மாடு கொடுத்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். எல்லோரும் அவரவர் மாட்டை இரவல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு மாட்டையே கொடுத்திருந்தோம்.

"அப்ப இந்தச் சீட்டக் கட்டி வச்சுத் தீனி போடவா?" என்று கத்தினேன். பிறகு இருதயம் பார்த்ததையெல்லாம் சொன்னேன். சுந்தர்ராஜ் முகம் வெளுத்துப்போனது. இரண்டாவது தடவையாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"கூட்டத்துல கேட்கலாம்மா. ஆனா ஓட்டுன்னு வந்தா மேனேஜர் பங்குதான் பாதிக்கு மேல. அவர் ஒருத்தர் போதும், ஜெயிச்சிருவார்."

"அப்ப ஒரு வழியும் இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. மேனேஜர் தன்னோட பொருளைக் கம்பெனிக்கு விற்கும்போது, கம்பெனி சார்பா வேற ஒருத்தர் விலை பேசணும். பங்காளிகள் முன்னாலயே பேசணும். மதுரையில பதிவு பண்ணினப்போ நாம எழுதிக் கொடுத்த விதி அது. அப்படிப் பேசுறவர் சம்மதிக்கலைன்னா கொள்முதல் இல்லை."

"கம்பெனிக்கு ஏதுய்யா கை?"

"கை கிடையாதும்மா. யார் கையையாவது இரவல் வாங்கித்தான் அது கொடுக்கல் வாங்கல் பண்ணுது. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரர் கைதான் கம்பெனியோட கை."

வீட்டுக்கு வந்து சேர்கிறவரை என் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரரின் கை! அத்தை மகன் சிரித்துக்கொண்டே நீட்டினால் எந்தக் காகிதத்திலும் ரேகை வைக்கிற கை. பிச்சைமணி மச்சான் முன்னால் அவர் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அத்தை வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர். அந்த நன்றி அவர் முதுகில் மூட்டையாக உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "வெக்கை வந்த மாட்டக் கம்பெனி தலையில கட்டப் போறாகளாம். தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றார். களியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீக?"

"ஒத்துக்கல."

"மாட்டேன்னு சொன்னீகளா?"

"அதுவும் சொல்லல."

இந்த மனுஷனோடு எனக்கு இதுதான் ரோதனை. காலமெல்லாம் துண்டுக்குள்ளேயே பேசிப் பேசி வெளியே பேசுகிற பழக்கமே அவருக்கு விட்டுப்போய்விட்டது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் பிச்சைமணியே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் மேகமலை ஏலக்காய். முறைக்கு அவர் எனக்கு அண்ணன். மோர் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"தங்கச்சி, எவனெவனோ என்னத்தையோ ஒளறிக்கிட்டுத் திரியுறான். நீ மனசக் கொழப்பிக்கிறாத. ஒன் ரெண்டு மாட்டையும் பேரம் முடிஞ்ச கையோட பழனிசெட்டிபட்டிக்கு ஓட்டிவிட்டுர்றேன். அங்கன நம்ம ஆளு தனியாக் கட்டிப் பாத்துக்கிருவான்."

"ஏண்ணே தனியாக் கட்டணும்? ஒங்க மாடெல்லாம் நல்ல மாடுதான?"

அவர் சிரித்தார். "மாப்ளைக்கு அடுத்த வருசம் டைரக்டர் வேல போட்டுத் தாரேன். அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லி வையி" என்று எழுந்தார்.

என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். அந்த நிமிஷம் என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். செவலையும் மயிலையும் பிழைத்துவிடும் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த மூச்சிலேயே இருதயத்தின் ஒற்றை மாடு கண்முன் வந்து நின்றது, சந்தோஷம் போய்விட்டது, என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் செம்பை 'ணங்' என்று கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். மேனேஜர் வேலை சொல்லித் தேனிக்கு அனுப்பிவிட்டாராம், வெள்ளிக்கிழமை நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுவாராம். அந்தப் பாவி மேனேஜர் திட்டம் போட்டுத்தான் எங்களைப் பிரித்திருக்கிறார். என் வாய் மூடியிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எனக்காகவே அந்தத் துண்டுக்குள் விரலை நீட்டிவிட்டால்? நான் என்ன செய்வேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் சோறு உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குடத்தை வைத்துவிட்டு வெறும் கையோடு வீடு வந்தேன். அந்த ஏலக்காய்ப் பொட்டலத்தைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். போட்ட பிறகும் வீடெல்லாம் அந்த வாசம் அடிக்கிற மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறும்போது தொழுவின் கொட்டகையில் பங்காளிகள் கூடினார்கள். நான் ஒருத்திதான் பொம்பளை. தூணோரம் நின்றேன். முல்லையாற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. அக்கரையில் பிச்சைமணியின் மாடுகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தன. கயிறு கைமாற வேண்டியதுதான் பாக்கி. மேனேஜரின் ஆள் சுருளியாண்டி முன்மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு வெள்ளைக் காளை ஓயாமல் தலையை உதறியது. அதன் கண்ணுக்குக் கீழே நனைந்திருந்த கோடு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. இந்தப் பக்கம் செவலையும் மயிலையும் வைக்கோலை அசைபோட்டுக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் வந்தார். வேட்டியெல்லாம் புழுதி. என்னிடம் வரப் பார்த்தார், பிச்சைமணி தோளில் கைபோட்டு அழைத்துப் போய்ப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

சுந்தர்ராஜ் விதியைப் படித்தார். இருதயம் எழுந்தான். "மேனேசரய்யா, ஒங்க தொழுவுல ரெண்டு மாடு செத்துச்சா இல்லையா?"

"செத்துச்சு. மலைத் தண்ணி சேராம வயிறு ஊதிச் செத்துச்சு. இதுக்குப் பேரு வெக்கையா? வீரபாண்டி ஆத்தா மேல சத்தியமாச் சொல்றேன், என் மாட்டுக்கு ஒரு சீக்கும் இல்ல" என்றார் பிச்சைமணி. சத்தியம் என்றதும் கூட்டம் அடங்கிவிட்டது. ஆத்தா பெயரைச் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கம்பெனி சார்பா மொக்கைச்சாமி விலை பேசுவார்" என்றார் சுந்தர்ராஜ்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். எடுத்தவர் ஒரு தடவை என்னைத் தேடுகிற மாதிரி தலையைத் திருப்பினார். வேண்டாம், வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. துண்டு விழுந்துவிட்டது.

இனி ஒருத்தரும் பேசக் கூடாது. நான் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துண்டுக்குள் கை அசைந்தது. பிச்சைமணி சிரித்த முகமாக இருந்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, தோள் மட்டும் அசைந்தது. துண்டு மேலும் கீழும் இழுபட்டது. பேரம் நீண்டால் நல்லது என்று ஒரு மனசு சொன்னது, ஒவ்வொரு விரலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்று இன்னொரு மனசு சொன்னது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஒன்றுமே இல்லை. தரகன் முகத்தில் எதுவும் இருக்காது. கட்டிக்கொண்ட எனக்கே அன்றைக்கு அந்த முகம் புரியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆச்சு!" என்று கத்தினார் பிச்சைமணி. "மாடு ஒண்ணு அம்பது ரூவா. கம்பெனி ஒத்துக்கிருச்சு!"

முப்பதுக்கு மேல் போகாத மாடுகள். சுந்தர்ராஜ் பேனாவை மையில் தோய்த்தார். அக்கரையில் சுருளியாண்டி கயிற்றை இழுத்தான். வெள்ளைக் காளை ஆற்றில் காலை வைத்தது. போச்சு, எல்லாம் போச்சு, என் வாய் அடைத்துப்போன ஒரு நிமிஷத்தால் எல்லாம் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பேரம் முடிந்தால் வாங்குகிறவர்தான் முதலில் கையை எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை.

"கைய எடு மாப்ள" என்றார் பிச்சைமணி.

"நீங்க விடுங்க மச்சான்."

"என்னத்தடா விட? அதான் முடிஞ்சிருச்சுல்ல, எடு."

என் வீட்டுக்காரர் இடது கையால் துண்டின் நுனியைப் பிடித்தார். பிடித்துத் தூக்கினார்.

அவர் வலது கை மூடியிருந்தது. எலும்பு வெளுக்கிற அளவுக்கு இறுக்கி மூடியிருந்தது. பிச்சைமணியின் ஐந்து விரலும் அந்த முஷ்டியைப் பிளந்துகொண்டிருந்தன. சுண்டுவிரலை மட்டும் எப்படியோ பிரித்து இழுத்திருந்தார். நகம் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது.

முதலில் எழுந்த சத்தம் என்ன தெரியுமா? மேனேஜர் ஏமாற்றுகிறார் என்று ஒருத்தனும் கத்தவில்லை. "துண்டத் தூக்கிட்டான்யா!" என்றுதான் கத்தினார்கள். ஒரு கிழட்டுத் தரகர் தூ என்று காறித் துப்பிவிட்டு வெளியே போனார். இருதயம்கூட ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவன்தான் சுதாரித்தான்.

"ஏய், கையைப் பாருங்கப்பா! மூடியிருக்கு! கம்பெனி கை மூடியிருக்கு!"

"செல்லாது!" என்று பிச்சைமணி குதித்தார். "துண்டத் தூக்குனவன் பேசுன பேரம் ஒரு பேரமா? இது செல்லாது!"

சுந்தர்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, திரும்ப மாட்டிக்கொண்டார். "விதியில துண்டைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க. கையைப் பத்தித்தான் இருக்கு. கம்பெனி சம்மதிக்கலை."

நான் அதற்குள் கரைக்கு ஓடிவிட்டேன். "ஏலே சுருளியாண்டி! நிறுத்துடா! ஒரு மாடு இந்தக் கரையில ஏறுச்சு, ஒன் கால ஒடிச்சிருவேன்! ஓட்டுறா திருப்பி!" அவன் மிரண்டுபோய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தான். வெள்ளைக் காளை நடு ஆற்றில் நின்று திரும்பிப் போனது. நான் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பங்குனி பிறப்பதற்குள் அந்த மாடுகள் ஒவ்வொன்றாக மேகமலை அடிவார ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. கம்பெனித் தொழுவில் ஒரு மாட்டுக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை. பிச்சைமணி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மேனேஜராகவே இருந்தார். பாதிக்கு மேல் பங்கு அவருடையது, யார் இறக்குவது? என் வீட்டுக்காரரை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார். அதற்கு எவர் சம்மதமும் தேவைப்படவில்லை.

அது போகட்டும், சந்தை இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் பேர் முந்திக்கொண்டு போய்விட்டது. துண்டத் தூக்கினவன். தேவாரம் சந்தையில், கம்பம் சந்தையில், எங்கே போனாலும் அதுதான். யாருடைய மாட்டைக் காப்பாற்றினாரோ அவர்களே வேறு தரகரைத் தேடிப் போனார்கள். இருதயம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அண்ணே, என் மனசுல ஒண்ணுமில்ல. விக்கிறவன் ஒங்க கையத் தொட மாட்டேங்குறான்." அவனைத் திட்ட வாய் வந்தது. திட்டி என்ன செய்ய?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் வேணாம்னு தலையாட்டுனதப் பாத்தீகளா?"

"பாக்கலயே. துண்டத்தான் பாத்தேன்."

"பெறகு எப்படி? நான் அன்னைக்கு வாயத் தொறக்காமப் போனதுக்கு, சரின்னுல்ல நெனச்சிருப்பீக."

துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார். "கம்பெனி கை, கம்பெனி கைன்னு சொன்னாக. கம்பெனின்னா நீயுந்தான புள்ள? இருதயமுந்தான? அத்தன பேரு கையையும் சேத்துத்தான நான் உள்ள விட்டேன். எப்படித் தொறக்க?"

இந்த மனுஷனையா கோழை என்று நினைத்தேன்?

அதற்கப்புறமும் அவர் சந்தைக்குப் போவதை விடவில்லை. புளியமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். சாயங்காலம் துண்டை உதறிக்கொண்டு வருவார். ஒரு சந்தை நாளில் கஞ்சி கொண்டுபோன நான் அதைப் பார்த்தேன். நேற்றுவரை அவர் கைக்காகக் காத்து நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கலயத்தைக் கீழே வைத்தேன். அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை உருவினேன்.

"என்ன புள்ள பண்ற? சந்தையில..."

"கைய நீட்டுங்க."

நீட்டினார். நகம் பட்ட தழும்பு அப்படியே இருந்தது. என் கையை அந்தக் கைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டேன். சந்தையே அப்படியே நின்றது. பொம்பளை துண்டுக்குள் கை விடுவதை இந்தப் பள்ளத்தாக்கு அன்றுவரை பார்த்ததில்லை. எவனோ விசிலடித்தான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த மாட்டுக்குப் பேசுற?" என்றார்.

"நீங்க பேசுங்க. நான் சொல்றேன்."

துண்டுக்குள் அவர் விரல் அசைந்தது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கஞ்சி ஆறிப்போனது. அன்றைக்கு உள்ளே எந்த விரலைப் பிடித்தார், எத்தனை விரலைப் பிடித்தார் என்று இன்றுவரை என்னைக் கேட்காத ஆள் இல்லை. துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்ல நான் என்ன மானம் கெட்டவளா?